இறுதியாண்டு ஒளிப்பட ஒப்படை: போர் கடந்த வீடொன்றின் அன்றாடத்தை எடுப்பது எப்படி

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் ஒப்படைக்காகப் போகும் மாணவர்களில் பலர் முதல் நாளே அழுகிற தாயொருவரின் முகத்தோடு திரும்பி வருகிறார்கள். அந்தப் படத்துக்குப் புள்ளி கிடைப்பது அரிது. 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ பேர் வந்து அதே முகத்தை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டில் விடியற்காலையில் அடுப்பு மூட்டுவது யார், கடன் கட்டும் நாளில் வாசலைப் பார்த்தபடி இருப்பது யார் என்பது எதிலும் இல்லை. அதைக் காணும் வரை அங்கே இருக்கிறவருக்குத்தான் ஒப்படை கைகூடும்.

முழுக் கிராமத்தையும் தலைப்பாக எடுக்காதீர்கள், ஒரு வீடு போதும். 10 கிழமை கிடைத்தால் அதே வீட்டுக்குக் குறைந்தது 8 தடவை போக வேண்டும். முதல் 2 தடவையும் கமரா பையிலேயே இருக்கட்டும். போவதற்கு முன் துறைத் தலைவரின் கடிதத்தோடு கிராம உத்தியோகத்தரையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் பாருங்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. பெண் தலைமை தாங்கும் வீட்டுக்குக் கமராவோடு ஒருவர் வந்து போனால், மறுநாள் “யார் வந்தது, என்ன கேட்டது” என்ற கேள்வி அந்த வீட்டுக்காரரிடம்தான் போகும். ஊரில் நாலு பேருக்கு உங்களைத் தெரிந்திருந்தால் அந்தச் சுமை கொஞ்சம் குறையும்.

மூன்றாவது தடவை ஒப்படையை மறந்துவிட்டு ஒரு குடும்பப் படம் எடுத்துக் கொடுங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பல குடும்பங்கள் அல்பங்களை ஒன்றுவிடாமல் இழந்துவிட்டன. பிள்ளையின் குழந்தைப் பருவப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் இருக்கின்றன. அவர்கள் விரும்பிய உடுப்பில், விரும்பிய இடத்தில், முற்றத்து மர நிழலில் எல்லோரையும் நிற்கவைத்து எடுங்கள். அடுத்த தடவை போகும்போது 8×12 அங்குலத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். ஆட்களை நீங்கள் ஒழுங்குபடுத்தி எடுக்கலாம் என்றால் அது இந்த ஒரு படத்துக்கு மட்டுந்தான். அதன்பின் “கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கோ அம்மா” என்று சொல்லக்கூடாது. நகர வேண்டியவர் நீங்கள்.

அனுமதியை இரண்டு தரம் கேட்க வேண்டும். “அம்மா, இப்ப எடுக்கலாமோ?” என்பது முதலாவது. எடுத்ததை அச்சிட்டுக் கையில் கொடுத்து, “இதைக் கண்காட்சியில வைக்கலாமோ? பேஸ்புக்கில வந்தாலும் பரவாயில்லையோ?” என்பது இரண்டாவது. முதலாவதற்கு ஓம் என்றவர் இரண்டாவதற்கு வேண்டாம் என்பது அடிக்கடி நடக்கிறது. அப்போது அது தொகுப்பின் மிகச் சிறந்த படமாக இருந்தாலும் வெளியே எடுத்துவிடுங்கள். கையெழுத்து என்றதும் தயங்குவார்கள். கையெழுத்து வைத்த கடதாசிகளால் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். குரல்பதிவில் சம்மதம் வாங்கி, திகதியோடு தனியாகச் சேமித்தால் போதும். சிறுவர் என்றால் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேளுங்கள்.

வீட்டுச் சுவர்களை நன்றாகப் பாருங்கள், அவற்றிலேயே காலக்கணக்கு இருக்கிறது. மீள்குடியேறிய புதிதில் தரப்பாள், பிறகு தகரம், பிறகு கல்வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. அது போதாமல் பலர் நகையை அடகு வைத்தும் கடன் பட்டும் கட்டினார்கள். பூச்சுப் பூசாமல் நிற்கும் சுவரும், கதவுக்குப் பதிலாகத் தொங்கும் சேலையும் எந்த அழுகையையும் விடத் தெளிவாகப் பேசும். வாய்மொழிப் பரீட்சையில் இவற்றைச் சொல்லத் தெரிந்த மாணவருக்கும் “ஏழ்மையைக் காட்டினேன்” என்று நிறுத்திக்கொள்ளும் மாணவருக்கும் இடைவெளி பெரிது.

மிகக் கவனமாக எடுக்க வேண்டியது சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சட்டமிட்ட படத்தை. இறந்தவரின் படத்துக்கு மாலை போடுவார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்துக்குப் போடமாட்டார்கள், ஏனென்றால் அந்த வீட்டில் அவர் இன்னும் இறக்கவில்லை. அவருடைய மனைவி பொட்டு வைத்திருப்பார். இதைக் கவனிக்காமல் “போரில் இறந்த மகனின் படத்துடன் தாய்” என்று குறிப்பு எழுதினால், அந்தத் தாய் ஏற்க மறுக்கும் ஒன்றை நீங்கள் எழுதிவைத்ததாகிவிடும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி இந்தக் குடும்பங்கள் வீதியில் அமர்ந்தது அதைக் கேட்டுத்தான்: இருக்கிறார்களா, இல்லையா என்று சொல்லுங்கள். குறிப்பில் ஒரு சொல் பிழையானாலே முழு ஒப்படையும் பிழையாகிவிடும் இடம் இது.

அந்தப் படத்தைக் கண்ணாடியோடு எடுக்கும்போது எதிரே இருக்கும் யன்னல் அதில் வெள்ளையாகத் தெறிக்கும். நேருக்கு நேர் நிற்காமல் 30 முதல் 45 பாகை வரை பக்கவாட்டில் நகருங்கள். போலரைசர் (தெறிப்பைக் குறைக்கும் வடிகட்டி) இருந்தால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனை, அதற்கேற்ப ஏற்ற வேண்டும். கண்ணாடியில் தாயின் முகம் விழுந்தால் அதைத் தவிர்க்காதீர்கள். படத்துக்குள் சீருடை, கொடி, இலச்சினை தெரிந்தால் நிறுத்திவிட்டு வீட்டாரிடம் கேளுங்கள். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உங்கள் படம் அவர்களுக்கு எதிரான சான்றாகக்கூடும். சந்தேகம் இருந்தால் எடுக்கவே வேண்டாம். கமராவிலும் தொலைபேசியிலும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஜிபிஎஸ் பதிவை, உங்கள் வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முழுச்சட்டக் கமராவில் 35 மிமீ, சிறிய சென்சர் என்றால் 23 அல்லது 24 மிமீ, ஒரே லென்ஸ். ஃபிளாஷ் வேண்டாம். காலை 10 மணிக்குப் பிறகு தகரக் கூரையின் கீழ் உள்ளே இருட்டாகவும் வாசலில் வெள்ளையாகவும் இருக்கும். வாசலை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் அவர்கள் முகத்தில் மென்மையான வெளிச்சம் விழும். நீலத் தரப்பாளின் கீழ் தோல் நீலம்பாரித்துப் போகும். அதை றோ கோப்பில்கூட (கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) முழுதாகத் திருத்த முடியாது. பலர் விழும் குழி வேறொன்று. சத்தம் கேட்கக்கூடாதென்று மௌன (இலத்திரனியல்) ஷட்டரில் போடுவார்கள். இரவில் ரியூப் லைற்றின் கீழ் எடுத்த படங்களில் கறுப்புப் பட்டைகள் விழும். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தரம் துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள், இல்லாவிட்டால் சாதாரண ஷட்டருக்கு மாறுங்கள்.

செயற்கைக் கால் பாவிக்கும் ஒருவரின் வீட்டில் எல்லோரும் எடுப்பது அவர் நடப்பதைத்தான். இரவில் அதைக் கழற்றி, மற்றக் காலின் செருப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைப்பார். துவாரம் f/2, ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 3200 இருந்தால் ஒரு ரியூப் லைற்றே போதும். கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் உரிமை எட்டாவது தடவைதான் கிடைக்கும்.

கண்ணிவெடி எச்சரிக்கையாக மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள், எந்தக் கோணத்துக்காகவும்.

ஒப்படை 15 படம் கேட்டால், 600 முதல் 900 வரை எடுத்ததில் 60ஐ 4×6 அங்குலத்தில் மலிவாக அச்சிட்டு நிலத்தில் பரப்புங்கள். கணினித் திரையில் தெரிவு செய்தால் அழகான படங்கள்தான் மேலே வரும், தொடர்ச்சி வராது. ஒரே செயலைச் சொல்லும் படங்கள் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். கைகள் மட்டும் தெரியும் படம் 2, ஆளில்லாத இடம் 2, தூரத்திலிருந்து வளவு முழுவதும் தெரியும் படம் 1 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் திரும்பப் போக நேரம் வேண்டும். அதனால்தான் தெரிவை 7ஆம் கிழமையில் தொடங்கச் சொல்கிறோம். நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தலாம். பின்னணியில் இருக்கும் பிளாஸ்ரிக் வாளியைக்கூட அழிக்கக்கூடாது.

குறிப்பில் “நம்பிக்கையோடு வாழ்கிறார்” போன்ற சொற்களை வெட்டிவிடுங்கள். “முல்லைத்தீவு மாவட்டம், காலை 5.40. பாடசாலை போகும் மகளுக்குப் புட்டு அவிக்கிறார். இரண்டாவது அடுப்பு இந்த வருடம் கட்டியது.” இவ்வளவு போதும். அவர் சம்மதிக்காவிட்டால் பெயரும் ஊர்ப்பெயரும் வேண்டாம்.

வாய்மொழியில் நிச்சயம் வரும் கேள்வி, எந்தப் படத்தை ஏன் விட்டீர்கள் என்பது. விட்டவற்றின் பட்டியலைக் காரணத்தோடு ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

பெறுபேறு வந்த பிறகு இன்னொரு தடவை போக வேண்டும். கண்காட்சியில் வைத்த 15 படங்களையும் வீட்டாரிடம் கொடுங்கள். பின்பக்கத்தில் திகதியைப் பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறிவிடும். மழைக்காலத்தில் கறையானும் ஈரமும் மண்சுவரோடு ஒட்டியிருப்பதை அரித்துவிடும். ஆகவே படச்சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டி, சுவரிலிருந்து விரல் அகலம் தள்ளித் தொங்கும்படி கொடுங்கள்.