சொன்னது ஒண்ணு, பார்த்தது ஒண்ணு: என் வால்நட்சத்திர நோட்டு

எங்க அப்பா மாங்கா யாவாரம் பண்ணிட்டு இருந்த காலத்துல மண்டிக் கணக்கு எழுத வாங்கின நீள நோட்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. முன்னாடி கொஞ்சம் பக்கம் செந்தூரா எத்தனை கூடை, பெங்களூரா எத்தனை கூடைன்னு அவர் கையெழுத்து, அதுக்கப்புறம் பூரா என் கையெழுத்து. ஸ்கேல் வெச்சு நடுவுல கோடு போட்டு இந்தப்பக்கம் 'சொன்னது', அந்தப்பக்கம் 'பார்த்தது'ன்னு எழுதியிருப்பேன். ஒரு வால்நட்சத்திரம் வருதுன்னு தெரிஞ்சா எவ்வளவு பிரகாசமா இருக்கும்னு கணிச்சு சொல்ற நம்பரை முதல்ல எழுதிடுவேன், அப்புறம் பென்னாகரம் ரோட்டுல இருக்கற எங்க கொல்லையில இருந்து நான் பார்த்து அளந்த நம்பரை எழுதுவேன். பன்னெண்டு வருஷமா எழுதறேன், ரெண்டு பக்கமும் ஒத்துப்போன வரி ரொம்ப கம்மி. அந்த ஒத்துப்போகாத இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அதைப் பத்தி எழுதணும்னு நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

முதல் வரி 2013, ஐசான். நெவ்ஸ்கி, நோவிச்சோனோக்னு ரெண்டு பேர் 2012 செப்டம்பர்ல கண்டுபிடிச்சது. அப்போ அது வியாழனோட பாதைக்கும் வெளியில இருந்துச்சு, அவ்வளவு தூரத்துலயே தெரியுதுன்னா சூரியன்கிட்ட வந்தா என்ன ஆகும்னு ஆளாளுக்கு கணக்குப் போட்டு பவுர்ணமி நிலா அளவுக்குன்னு பேப்பர் டிவி எல்லாத்துலயும் சொல்லிட்டாங்க. நானும் நம்பி எங்க கொட்டாய்ல இருக்கற பசங்க அத்தனை பேர்கிட்டயும் டிசம்பர்ல விடியக்காலைல வந்து எழுப்பறேன்டான்னு சொல்லி வெச்சிருந்தேன். நவம்பர் 28 ராத்திரி, நம்ம நேரத்துக்கு பன்னெண்டு தாண்டி, அது சூரியனோட மேற்பரப்புல இருந்து சுமார் 12 லட்சம் கிலோமீட்டர்ல சுத்தி வந்துச்சு. சோஹோ விண்கலம் அனுப்பற படத்தை தூங்காம திரும்பத் திரும்ப பார்த்துட்டு இருந்தேன், உள்ள போனப்போ தலையும் வாலுமா பளிச்சுன்னு போச்சு, வெளிய வந்தப்போ விசிறி மாதிரி கொஞ்சம் தூசி, அதுவும் ரெண்டு மூணு நாள்ல கரைஞ்சு போச்சு. 'பார்த்தது' பக்கத்துல ஒரு கோடு மட்டும் போட்டேன், பசங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அப்போ எங்க ஆயா இருந்தாங்க. நான் மொகத்த தொங்கப் போட்டுட்டு இருக்கறத பார்த்துட்டு, "நாங்க பார்த்தோமே சாமி, வெளக்கமாறு மாதிரி. பெரியவன் கைக்கொழந்தை, அடுப்பு பத்தவைக்க எந்திரிச்சப்ப கெழக்கால நின்னுச்சு, வருதுன்னு எங்களுக்கு ஆரு சொன்னா?" அப்படின்னாங்க. பெரியப்பா பொறந்தது 1965. அந்த வருஷம் அக்டோபர் கடைசில விடியக்காலைல கிழக்குல நீள வாலோட நின்னது இகேயா-செகி. ஜப்பான்ல இகேயாவும் செகியும் செப்டம்பர் 18-ந்தேதி கண்டுபிடிச்சாங்க, அக்டோபர் 21-ந்தேதி சூரியனை நாலரை லட்சம் கிலோமீட்டர்ல உரசிட்டு வந்துச்சு, பட்டப்பகல்லயே தெரிஞ்சுது. ஒரே மாச நோட்டீஸ்ல வந்தது ஆயா கண்ணுக்கு தெரிஞ்சுது, ஒரு வருஷம் முன்னாடியே சொல்லி வெச்சது எனக்கு தெரியல. ஏன் இப்படின்னு படிக்க ஆரம்பிச்சது அன்னைக்குத்தான்.

கணக்கு பெரிய கணக்கு இல்ல. வால்நட்சத்திரத்தோட பாதை சில வாரம் பார்த்தாலே துல்லியமா தெரிஞ்சுடும், எந்த நாள் எங்க இருக்கும்னு சொல்றதுல தப்பே வராது. பிரகாசம்தான் சிக்கல். நம்மகிட்ட இருந்து இருக்கற தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு, இது விளக்கு எதுக்கும் பொருந்தும். ஆனா சூரியன்கிட்ட இருக்கற தூரம் பாதியானா சாதாரணமா பதினாறு மடங்குன்னு எடுத்துக்கறாங்க, ஏன்னா கிட்டப் போகப் போக வெயில் மட்டும் கூடறதில்ல, சூட்டுல பனி ஆவியாகி தூசியும் கேஸும் கூட கூட வெளிய வருது. இந்த பதினாறுங்கறதுதான் அனுமானம். தூரத்தோட நாலாவது அடுக்குன்னு வெச்சா பதினாறு, சில வால்நட்சத்திரம் மூணாவது அடுக்குல போகும், சிலது அஞ்சாவதுல போகும். பூமிக்கும் சூரியனுக்கும் இருக்கற தூரத்தை 1-ன்னு வெச்சு, 4-ல இருக்கும்போது ஒண்ணைப் பார்த்துட்டு 0.4-க்கு வரும்போது எப்படி இருக்கும்னு கணிக்கறோம்னு வெச்சுக்கங்க, நாலாவது அடுக்குக்கு பதிலா அது மூணாவது அடுக்குல நடந்துகிட்டா விடை பத்துல ஒரு பங்கா போயிடும். ஒரே ஒரு எண்ணு மாறினதுக்கு.

அதுலயும் முதல் தடவையா சூரியன் பக்கம் வர்றது, சூரியக் குடும்பத்தோட வெளி ஓரத்துல பனி உருண்டைங்க சூழ்ந்து கிடக்கற ஊர்ட் மேகத்துல கோடிக்கணக்கான வருஷமா குளிர்ல கிடந்துட்டு வர்றது இருக்கே, அதை நம்பவே கூடாதுன்னு அனுபவப்பட்டவங்க எல்லாரும் எழுதியிருக்காங்க. கார்பன் மோனாக்சைடு மாதிரி லேசான சூட்டுக்கே கிளம்பற பனி அதோட மேல்தோல்ல இருக்கும், தண்ணிப் பனி ஆவியாக ஆரம்பிக்கறது சுமார் 3-க்குள்ள வந்தாத்தான். அதனால ரொம்ப தூரத்துலயே அளவுக்கு மீறி பிரகாசமா தெரியும், நாம அதை வெச்சு கோடு இழுத்துடுவோம், மேல் சரக்கு தீர்ந்ததும் அது மெதுவாயிடும். 1973-ல கோஹூடெக்குக்கும் இதே கதைதான். மார்ச்லயே கண்டுபிடிச்சு, ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துல இருந்தவங்க கூட பார்க்கறதுக்கு ஏற்பாடு பண்ணி, உலகமே காத்திருந்து, ஜனவரில ஜனங்க வெளிய வந்து பார்த்தப்போ மங்கலா ஒண்ணு நின்னுச்சு. கூடை மேலாப்புல பழுத்த செந்தூராவ பார்த்து முழுக்கூடைக்கும் விலை பேசற மாதிரின்னு அப்பாகிட்ட சொன்னேன், அவருக்கு உடனே புரிஞ்சுடுச்சு.

நோட்டுல நான் எழுதற பிரகாச நம்பருக்கு பேர் மேக்னிட்யூட், அது தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்பர் சின்னதானா வெளிச்சம் அதிகம், 5 வித்தியாசம்னா நூறு மடங்கு. நல்ல இருட்டுல வெறுங்கண்ணுக்கு 6 வரைக்கும் தெரியும்.

ஆனா இந்த நம்பர்லயே ஒரு விஷயம் இருக்கு, அதை புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வால்நட்சத்திரம் தேவைப்பட்டுச்சு. 2015 ஜனவரில லவ்ஜாய் வந்துச்சு, பொங்கல் சமயம், மழை ஓய்ஞ்சு வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு, கார்த்திகைக் கூட்டத்துக்கு மேற்கால. மேக்னிட்யூட் 4. கொல்லையில வெறுங்கண்ணுக்கே பஞ்சு மாதிரி தெரிஞ்சுது, பைனாகுலர்ல பச்சை கலந்த ஒரு வெளிச்சம், ரெண்டு கார்பன் அணு சேர்ந்த மூலக்கூறு வெயில் பட்டு விடற நிறம் அது. 2018 டிசம்பர்ல விர்டானன் வந்துச்சு, கிட்டத்தட்ட அதே இடம், கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் நடுவால, அதுவும் ஏறக்குறைய 4-தான். தர்மபுரி டவுன்ல மொட்டைமாடில நின்னு தேடினேன், ஒண்ணுமே தெரியல. கொல்லைக்கு போய் பார்த்தாதான் ஏதோ இருக்கற மாதிரி ஒரு சந்தேகம். ஏன்னா விர்டானன் பூமிக்கு ரொம்ப கிட்ட, 1-ல 0.08 அளவு தூரத்துல கடந்து போச்சு, அதனால நிலாவை விட பெருசா விரிஞ்சு கிடந்துச்சு. அதே ஒரு சொம்பு மோரை தட்டுல ஊத்தினா ஒண்ணு, களத்துல ஊத்தினா ஒண்ணு. பேப்பர்ல போடற நம்பர் மொத்த வெளிச்சத்தை ஒரு புள்ளியில குவிச்சா எவ்வளவுங்கற நம்பர், நம்ம கண்ணுக்கு அது விரிஞ்சுதான் வருது. யாராவது 'வெறுங்கண்ணால் பார்க்கலாம்'னு போட்டா எவ்வளவு அகலம்னு கேளுங்க.

அளக்கறது எப்படின்னா, நான் பண்றது பழைய முறை. பைனாகுலர்ல வால்நட்சத்திரத்தை தெளிவா பார்த்து எவ்வளவு அகலம், எவ்வளவு வெளிச்சம்னு மனசுல வாங்கிக்கணும், அப்புறம் ஃபோகஸ் திருகி பக்கத்துல இருக்கற நட்சத்திரங்களை அதே அகலத்துக்கு கலைச்சு விடணும், எது இதை விட பளிச்சுன்னு இருக்கு எது மங்கல்னு ஒப்பிட்டு நடுவுல நம்பர் போடணும். லவ்ஜாய்க்கு கார்த்திகைக் கூட்டமே அளவுகோலா இருந்துச்சு, அதுல அல்சியோன் 2.9, மீரோப்பே 4.2. ஒப்பிடற நட்சத்திரமும் வால்நட்சத்திரமும் ஒரே உயரத்துல இருக்கணும், இது முக்கியம், அடிவானத்துல இருந்து பத்து டிகிரி உயரத்துல காத்தே ஒரு மேக்னிட்யூடுக்கு மேல தின்னுடும். இதுக்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஜவ்வாது மலை காவலூர்ல இருக்கற பெரிய டெலஸ்கோப்புக்கு பேர் கொடுத்த வைணு பாப்பு கூட சின்ன வயசுல மாறுபடும் நட்சத்திரங்களைப் பார்த்து எழுதி பழகினவர்தான். 1949-ல ஹார்வர்டுல மாணவரா இருந்தப்போ படத்தட்டுல ஒரு வால்நட்சத்திரத்தை கண்டுபிடிச்சாரு, பாப்பு-போக்-நியூகிர்க்னு இன்னைக்கும் அதுக்கு பேர். ஊத்தங்கரை தாண்டி திருப்பத்தூர் வழியா காவலூர் போன அன்னைக்கு அந்த 2.34 மீட்டர் கண்ணாடி இருக்கற கோபுரத்தை அண்ணாந்து பார்த்துட்டு ரொம்ப நேரம் நின்னேன்.

2020 ஜூலை நியோவைஸ் வரில 'பார்த்தது' காலி. வடமேற்குல தாழ்வா நின்னுச்சு, ஆடி மேகம் ஒரு பக்கம், ஓசூர் பெங்களூர் வெளிச்சம் குடை மாதிரி கவிஞ்சு நிக்கறது அந்தத் திசை.

2024-தான் நோட்டுலயே பெரிய பக்கம். சூசின்ஷான்-அட்லஸ். 2023 ஜனவரில சீனாவுல பர்ப்பிள் மவுண்டன் வானாய்வகத்துலயும், பிப்ரவரில தென்னாப்பிரிக்காவுல இருக்கற அட்லஸ் டெலஸ்கோப்லயும் கண்டுபிடிச்சது, இதுவும் ஊர்ட் மேகத்துல இருந்து வர்றதுதான், அதனால நான் ஆரம்பத்துல யார்கிட்டயும் வாயே திறக்கல. 2024 ஜூலைல, எத்தனையோ வால்நட்சத்திரங்களை ஆராய்ச்சி பண்ணின செகனினா, இது சூரியனை நெருங்கறதுக்கு முன்னாடியே உடைஞ்சு போயிடும்னு எழுதினாரு. 'சொன்னது' பக்கத்துல அதையும் எழுதி வெச்சேன். உடையல. செப்டம்பர் 27 சூரியனை 0.39-ல சுத்தி முழுசா வந்துச்சு.

அமாவாசைக்கு முந்தின நாள், அக்டோபர் 1, காலைல நாலரைக்கு மோட்டார் கொட்டாய் மேல ஏறினேன். கிழக்கால பார்த்தா பக்கத்து கொல்லை அண்ணன் சாமந்திக்கு கட்டின பல்பு வரிசை வரிசையா எரியுது. சாமந்தி ராத்திரி நீளமா இருந்தா பூத்துடும், அதை தள்ளிப் போட்டு விலை நல்லா இருக்கறப்ப பறிக்கணும்னு லைட் கட்டறது இப்போ நம்ம பக்கம் எல்லாரும் பண்றாங்க. இறங்கிப் போய் தயங்கிட்டே கேட்டேன், அண்ணா ஒரு அரைமணி நேரம் நிறுத்த முடியுமான்னு. "எதுக்கு தம்பி?"ன்னாரு. சொன்னேன். "அரைமணி நேரத்துல பூவா பூத்துடப் போகுது"ன்னு சொல்லிட்டு ஃபியூஸ் கட்டையை உருவிட்டாரு.

இருட்டு வந்து நின்னுச்சு. அஞ்சு மணி தாண்டி புளியமரத்துக்கு வலப்பக்கம், வானம் லேசா சாம்பல் பூக்கற நேரம், முதல்ல ஒரு நட்சத்திரம்னு நினைச்சேன், அப்புறம் அதுக்கு மேல நேரா ஒரு கோடு, மேல போகப்போக அகலமாகி மங்கிப் போற கோடு. அண்ணன் பைனாகுலர் கேக்கவே இல்ல, வெறுங்கண்ணுலயே "அந்தா, வாலு"ன்னு கை நீட்டினாரு. நான் பைனாகுலர் எடுத்து சுத்தி இருந்த நட்சத்திரங்களை கலைச்சு ஒப்பிட்டு 2-ன்னு எழுதினேன், கை நடுங்கி எழுத்து கோணலா இருக்கு. சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். எங்க ஆயா இதே திசைல பார்த்ததை எங்கிட்ட சொல்லி பதினோரு வருஷம், அவங்க இப்போ இல்ல.

அதுக்கப்புறம் அக்டோபர் 9-ஐ ஒட்டி அது நமக்கும் சூரியனுக்கும் ஏறக்குறைய நடுவுல வந்துச்சு, அப்போ விண்கலத்துப் படத்துல வெள்ளி அளவுக்கு, மைனஸ் 4 தாண்டி ஏறிடுச்சு. பனி அதிகமா உருகி இல்ல, தூசி எதிர்வெயில்ல நின்னதால. சாயங்காலம் மேற்க பார்த்து வண்டி ஓட்டும்போது முன்னாடி போற டிராக்டர் கிளப்பற புழுதி எப்படி தங்கமா எரியுது, அதே டிராக்டர் வெயில் நம்ம முதுகுல இருக்கறப்ப போனா புழுதியே கண்ணுக்கு உறுத்தாது, அந்த மாதிரி. இதை முன்கூட்டியே கணக்குல சேர்த்து சொன்னவங்களும் இருந்தாங்க, அந்த வகையில இது கணிப்பு ஜெயிச்ச இடம். ஆனா சூரியனுக்கு பக்கத்துல இருந்ததால நம்ம கண்ணுக்கு எட்டல. 13, 14-ந்தேதி வாக்குல சாயங்காலம் மேற்குல வெள்ளிக்கும் சுவாதிக்கும் நடுவுல வந்துச்சு, ஒரே ஒரு நாள் மேக இடுக்குல பார்த்தேன், 15-ந்தேதி வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்சுடுச்சு.

கடைசி வரி 2025, லெம்மன். ஜனவரில கண்டுபிடிச்சப்போ உச்சத்துலயே 10 வரைக்கும்தான்னு சொன்னாங்க, பைனாகுலருக்கே சிரமம்னு நான் அதை ஒரு வரில எழுதிட்டு மறந்துட்டேன். ஆகஸ்ட்ல இருந்து அது கணக்கை தாண்டி ஏறிட்டே போய் அக்டோபர்ல 4-க்கு வந்துடுச்சு, 10-க்கும் 4-க்கும் இருக்கற வித்தியாசம் 250 மடங்கு. தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 21, பூமிக்கு கிட்ட வந்த அன்னைக்கு எங்களுக்கு மழை. அந்த மாசக் கடைசில ஒரு சாயங்காலம் மேற்குல மேகம் ஒரு பத்து நிமிஷம் விலகுச்சு, பைனாகுலர்ல சாம்பல் உருண்டை மாதிரி, மேல்நோக்கி குட்டி வாலோட இருந்துச்சு. ஒப்பிட அதே உயரத்துல ஒரு நட்சத்திரத்தை தேடறதுக்குள்ள மூடிடுச்சு. 'பார்த்தது' பக்கத்துல நம்பர் போடல, பார்த்தேன்னு மட்டும் எழுதியிருக்கேன்.