பறக்கும் ரயிலின் ஜன்னலில் கிடைத்த ஆய்வேடு

2010 ஜூலையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் முதுகலை வரலாறு படிக்கச் சேர்ந்தபோது, பல்கலைக்கழகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஒரு சித்திரத்தைச் சாத்தூரிலிருந்தே கொண்டு வந்திருந்தேன். மதுரைக்கு மேற்கே, நாகமலைப் பக்கம் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வந்ததால் உண்டான சித்திரம் அது: ஊரை விட்டு விலகிய வெளி, நீண்ட உள்சாலைகள், வேலை முடிந்தால் சந்தடி அடங்கிவிடும் கட்டடங்கள். சேப்பாக்கத்தில் ஊரை விட்டு விலகி நிற்பது எதுவும் இல்லை. முன்னால் காமராசர் சாலை, அதைக் கடந்தால் மெரினா, கூப்பிடு தூரத்தில் கிரிக்கெட் மைதானம், வடக்கே கூவம். கிழக்குக் காற்று என்றால் கடல், வடக்குக் காற்று என்றால் கூவம் என்று வகுப்பறைக்குள் இருந்தபடியே திசை சொல்லிவிடலாம். ஆட்டம் நடக்கும் நாளில் விக்கெட் விழுந்ததா, நான்கு ஓட்டமா என்பதை மைதானத்து இரைச்சலின் நீளத்தை வைத்தே கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் கணித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நகரத்துக்குள் இப்படிப் பின்னிக் கிடப்பது இந்தப் பல்கலைக்கழகத்தின் பிறவிக் குணம் என்பது பிறகு பாடம் படித்தபோதுதான் புரிந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டன. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் தருவது மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை. தனக்கென்று ஒரு வகுப்பறைகூட இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு பல்கலைக்கழகம் நடந்திருக்கிறது என்பது இன்றைக்கு யோசித்தாலும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எங்கள் துறையே 1914இல்தான் தொடங்கியது. அதில் 1929 முதல் 1946 வரை பேராசிரியராக இருந்தவர் நீலகண்ட சாஸ்திரி. அவர் ஆங்கிலத்தில் எழுதிய சோழர் வரலாற்றை, பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் வழியிலேயே படித்துவிட்டு வந்த நான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நான்கு பக்கம் வீதம் கடந்தேன்.

முதலாண்டு முழுவதும் வேளச்சேரியில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்துக்குப் போய்வருவது வழக்கம். இந்தத் தடத்தின் நிலையங்களைப் பார்த்திராதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தை மூன்று மடங்கு பெருக்கி, கல்யாணத்தை மட்டும் மறந்துவிட்டது போல, வெறுமையும் புறாக்களும் நிறைந்த பிரம்மாண்டமான கான்கிரீட் கூடங்கள் அவை. ரயில் உயரத்தில் ஓடுவதால் மந்தைவெளி, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி எல்லாவற்றின் மொட்டைமாடிகளும் காய்கிற துணிகளும் கண் முன்னால் வந்து போகும். கீழே குனிந்து பார்த்தால் கறுப்பாக ஒரு நீர்த்தடம் கூடவே வரும். பாதி இடங்களில் ரயில் பாதையின் தூண்களே அதற்குள்தான் ஊன்றியிருக்கும். பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை. மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடங்கள் எவை என்பது மட்டும் மனப்பாடம்.

இரண்டாம் பருவத்தில் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டார்கள். பிற்காலப் பாண்டியர் ஆட்சிமுறை என்று எழுதிக் கொடுத்தேன். தென்மாவட்டத்துக்காரன் என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் இல்லை. பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, “தினமும் எந்த வழியா வர்றீங்க?” என்று கேட்டார். “பறக்கும் ரயில்ல, சார்.” “அந்த ரயிலுக்குக் கீழே இருக்கறதை யார் வெட்டினா, எப்போ வெட்டினா, ஏன் வெட்டினாங்கன்னு பார்த்துட்டு அடுத்த வாரம் வாங்க.” அவ்வளவுதான்.

பார்த்தேன். சென்னைக்கு வடக்கே 1806 வாக்கிலேயே காக்ரேன் என்பவரின் பெயரால் ஒரு கால்வாய் இருந்திருக்கிறது. அது படிப்படியாக நீட்டப்பட்டது. ஆனால் நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு மட்டும் 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு என்பதால் கால்வாய் அந்தப் பெயரைப் பெற்றது. அதாவது, எங்கள் ஊர்ப் பக்கம் கிழவிகள் இன்னும் ‘தாது வருசப் பஞ்சம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் அந்தப் பெரும் பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்கள் தோண்டிய தடத்தின் மேல்தான் ஒரு வருடமாக ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். வெறும் சோற்றைக் கீழே சிந்தினால் “தாது வருசத்துல பொறந்திருந்தா தெரியும்” என்று திட்டும் அப்பத்தாவின் குரல், நூலகத்தில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் நடுப்பக்கத்தில் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எழும்பூர் பழக்கமானது. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத் துறையின் கடிதத்தோடு போய், வேண்டிய கோப்பின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் கையில் பேனாவைப் பார்த்த ஊழியர் ஒருவர், “தம்பி, பேனாவைப் பைக்குள்ள வைங்க, மை சிந்திடுச்சுன்னா நூத்தி முப்பது வருசம் போயிடும்” என்று சொல்லித் தன் மேசையிலிருந்து ஒரு பென்சிலைக் கொடுத்தார். புரட்டும்போது ஓரம் பொடிந்து மேசையில் பழுப்புத் தூளாக விழும் காகிதம். வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளின் கையெழுத்து பழகவே இரண்டு வாரம் பிடித்தது. வேலைக்கு வந்தவர்களை ஆண், பெண், சிறுவர் என்று பத்தி பிரித்திருந்தார்கள். எந்தப் பத்தியிலும் பெயர் கிடையாது.

கூலி விவரத்தில்தான் நான் நின்றுவிட்டேன். 1877இல் பஞ்சத்தை மேற்பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைப்பதற்காக, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், நாள் முழுவதும் மண் வெட்டுகிறவனுக்கு இது பற்றாது என்று விடாமல் எதிர்த்து எழுதினார். சித்தப்பா வீட்டு எடைக்கல்லில் ஒரு நாள் அந்த அளவு அரிசியை நிறுத்துப் பார்த்தேன். சித்தி என்ன சோதனை என்று கேட்டார், சொன்னேன். அந்த அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டிவிட்டு, “இதுல மண்ணு வேற வெட்டணுமா?” என்றார். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்தக் கேள்வியை நாற்பது பக்கத்தில் எழுதியது என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொன்றும் காப்பகத்தில்தான் பிடிபட்டது. நாங்கள் நிழலுக்கு ஒதுங்கி அரட்டை அடித்துக்கொண்டிருந்த, பல்கலைக்கழக வளாகத்தின் பழைய கட்டடமான செனட் இல்லம், ராபர்ட் சிஸோம் வடிவமைத்தது. 1874இல் தொடங்கி 1879இல் கட்டி முடித்தார்கள். அதன் கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்த அதே வருடங்களில்தான், நடந்து போகிற தூரத்தில், பஞ்சத்துக்கு ஊரை விட்டு வந்தவர்கள் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வேலைக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும் ஆளும் இதே கரையில்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். செனட் இல்லத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வண்ணக் கண்ணாடிகளைப் பற்றி எழுதுகிறார்கள். கால்வாயைப் பற்றி எழுதுகிறவர்கள் சாக்கடையைப் பற்றி எழுதுகிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வந்தது. ஆய்வேட்டில் அது சரியாக அமையவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறைக்கு மாறினேன். மூன்று கட்டில், ஒரு நாற்பது வாட் விளக்கு. ஒருவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, இன்னொருவர் குரூப் 2 தேர்வுக்குப் படிப்பவர். அறையில் எழுத முடியாது. அதனால் கோட்டூர்புரத்துக்குப் போவேன். 2010 செப்டம்பரில் திறந்திருந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. குளிர்சாதனம், மடிக்கணினிக்கு மின்இணைப்பு, இரவு வரை விளக்கு, எல்லாம் காசில்லாமல். குரூப் 2 அண்ணனும் கூட வருவார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மட்டும் வெளியே வருவோம். 2011 நவம்பரில் அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தபோது, எங்களுக்கு அரசியலை விட இருக்கைதான் முதல் கவலை. உயர்நீதிமன்றம் தடை விதித்த செய்தி வந்த நாளில் அண்ணன் மேன்ஷன் வாசலில் இருவருக்கும் டீ வாங்கினார். அவர் காசு கொடுத்து நான் பார்த்த ஒரே டீ அது.

2012 மே மாதம் அறையைக் காலி செய்ய அப்பா வந்தார். ட்ரங்குப் பெட்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துச் சேப்பாக்கம் நிலையத்தின் படிகளில் ஏற்றினோம். பார்க் டவுனில் இறங்கி எழும்பூர் போய் இரவு வண்டியைப் பிடிக்க வேண்டும். நடைமேடையில் மூச்சு வாங்க நின்றபோது கீழே கால்வாயைக் காட்டி, இதைப் பற்றித்தான் எழுதினேன் என்றேன். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார்.

“ஏப்பா, இந்தச் சாக்கடையவா ரெண்டு வருசம் படிச்ச?”

தாது வருசத்தில் வெட்டியது என்று சொன்னேன். அப்பா மறுபடியும் குனிந்து பார்த்தார். ரயில் வந்து நின்று கதவோரம் ஆட்கள் ஏறிய பிறகும் அவர் பெட்டியின் பிடியில் கை வைக்கவில்லை. அடுத்த ரயிலுக்குத்தான் ஏறினோம்.