மொட்டை மாடி சோலார்: பேனல் விலையோடு கணக்கு முடியாது

வேலூரில் 3 கிலோவாட் சோலார் போட ஏறக்குறைய 300 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் ரூ.78,000. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கும். ஆனால் நம்மூர் சித்திரை வெயில் பேனலுக்கு நண்பன் இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.35 சதவீதம் குறையும். பேனல் 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் காலி. அதனால் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்றோட இடம் விடுங்கள்.

பலரும் கவனிக்காதது சர்வீஸ் ஒயர், அதாவது தெரு மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர். வீட்டில் செலவாகாத சோலார் கரண்ட் இதன் வழியாகத்தான் லைனுக்குப் போகும். கம்பம் 30 மீட்டர் தள்ளி, ஒயர் 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் என்றால், 13 ஆம்பியர் வெளியே போகும்போது வீட்டில் சுமார் 6 வோல்ட் ஏறும். லைனில் ஏற்கெனவே வோல்டேஜ் உச்சத்தில் இருந்தால் பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் நட்ட நடுப்பகலில் தன்னை அணைத்துக்கொள்ளும். 10 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் ஏற்றம் இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். மதிப்பீடு வாங்கும்போதே இந்தச் செலவையும் எழுதச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் உயிருக்கான ஏற்பாடு அது, பழுது அல்ல.