வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ்?

பாளையங்கோட்டையில் சித்தி வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ், இரண்டுமே கிராக் செய்தவை, அதாவது காசு கட்டாமல் ஓட வைத்த திருட்டு நகல். யாரோ பென் டிரைவில் கொடுத்ததாம். திருடனிடமே பூட்டு வாங்குகிற மாதிரி இது, தயவுசெய்து வேண்டாம். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கம்ப்யூட்டர்தான் மந்தமாகும்.

விண்டோஸ் 11-இல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது, காசு கிடையாது. அப்டேட்டை ஒழுங்காகப் போட்டால் வீட்டுக்கு அதுவே தாராளம். விண்டோஸ் 10 என்றால் கவனம், அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

காசு கொடுத்துத்தான் வாங்குவீர்கள் என்றால் சரி, கடையில் சொல்வதை மட்டும் நம்பாமல் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற ஆன்டிவைரஸ் சோதனை நிறுவனங்களின் முடிவுகளை ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், குற்றாலம் போன போட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் தனி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.