போகும்போது யானை, வரும்போது குதிரை

நாமக்கல் முட்டை லோடு. அட்டைக்கு 30, மொத்தம் 400 அட்டை. 12,000 முட்டை, எடை ஏறத்தாழ 650 கிலோ. குட்டி யானையில் அடுக்கிக் கயிறு கட்டிக் கிளம்பினால் வேகத்தடை, பள்ளம், பாலத்து இணைப்பு எல்லாம் தாண்டி முட்டை பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். கடைக்காரர் அட்டை அட்டையாகத் தூக்கிப் பார்த்து, குறை சொல்ல ஒன்றுமில்லையே என்று வருத்தப்படுவார்.

கூத்தெல்லாம் திரும்பி வரும்போதுதான். அதே வண்டி, அதே ரோடு, அதே வேகத்தடை. பின்சக்கரம் ஏறி இறங்கியதும் டிரைவர் தலை கூரையைத் தொட்டு வரும். டாஷ்போர்டுப் பிள்ளையார் குப்புற விழுவார். பக்கத்து சீட்டுக்காரர் வாய்க்குக் கொண்டுபோன டீ சட்டைப் பையில் இறங்கியிருக்கும். முட்டைக்குக் கீறல் இல்லை, மனுஷனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"அண்ணே, வண்டி தூக்கித் தூக்கிப் போடுது."

"ஷாக்கப்சர் போயிருக்கும் தம்பி. நாலையும் மாத்திடுவோம்."

நாலையும் மாற்றி, பணத்தையும் எண்ணி வைத்துவிட்டுக் கிளம்பினால், தெருமுனை வேகத்தடையில் பிள்ளையார் மறுபடியும் குப்புற.

தூக்கிப் போடுவது ஒரு நோய், ஆடிக்கொண்டே இருப்பது வேறு நோய். 'டங்'கென்று ஒரே அடியாக முதுகில் இறங்கினால் பார்க்க வேண்டியது டயர் காற்றையும், எடையைத் தாங்குகிற வில் மாதிரியான இரும்புத் தகடுகளின் அடுக்கான ஸ்பிரிங் பட்டையையும். பள்ளம் தாண்டிய பிறகும் ஊஞ்சல் மாதிரி மூன்று நான்கு தடவை ஆடினால்தான் ஷாக்கப்சர். அது எடையைத் தாங்குவதே இல்லை, ஆட்டத்தை அடக்குவதோடு அதன் வேலை முடிந்தது. சந்தேகம் இருந்தால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்மூலையை இரண்டு பேர் அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் ஷாக்கப்சர் மேல் பழி போடாதீர்கள். ஆட்டம் நிற்காவிட்டாலோ, உடம்பெல்லாம் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தாலோ மாற்றுங்கள். இடது, வலது இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஆயில் ஷாக்கப்சர் என்றால் மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுசாக இழுத்து அழுத்த வேண்டும். கடையில் படுத்தே கிடந்ததில் உள்குழாய் எண்ணெயில் கலந்த காற்று அப்போதுதான் அங்கிருந்து விலகும். அவசரத்தில் இதை விட்டுவிட்டு, புதுசும் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

காலி வண்டி ஏன் குதிக்கிறது? வண்டியின் எடையில் பட்டை எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் விநாடிக்கு எத்தனை தடவை ஆடும் என்று வந்துவிடும். காலியாக 3 சென்டிமீட்டர் அமுங்குகிற பட்டை விநாடிக்குக் கிட்டத்தட்ட 2.9 தடவை ஆடும். லோடு ஏறி 10 சென்டிமீட்டர் அமுங்கினால் 1.6 தடவை. பின்னது நாம் சாவகாசமாக நடக்கிற தாளம், உடம்புக்குப் பழகியது. முன்னது சல்லடையில் மாவு சலிக்கிற வேகம். பட்டையை அமைத்தவர் முட்டையை மனதில் வைத்து அமைத்தார், டிரைவரை அல்ல.

முதல் வைத்தியம் காசில்லாதது. லோடுக்கு ஏற்றிய காற்றோடேயே காலி வண்டியைத் திருப்பி ஓட்டுவதுதான் பாதி நோய். பங்கில் "நல்லா டைட்டா வைங்கண்ணே" என்று சொல்லிப் பழகிவிட்டோம். டைட்டாக வைத்தால் டயர் கல்லுக்குச் சமம். கதவோரத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ காலி வண்டிக்கு எவ்வளவு, லோடு வண்டிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருந்தால் அதன்படி வையுங்கள். ஓடி வந்த சூட்டில் அளக்காதீர்கள், டயர் ஆறியிருக்க வேண்டும். காலிக்குக் குறைத்ததை மறந்து அப்படியே லோடு ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி நடுவழியில் வெடிக்கும்.

அடுத்து பட்டை. குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவே செங்காவி நிறத்தில் துரு கோடு போட்டிருந்தால் அந்தக் கட்டு கட்டாகவே இல்லை, ஒரே இரும்புத் துண்டாகிவிட்டது. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் சின்னச் சின்னக் குழிக்கெல்லாம் பட்டை அசையாது, அடி நேராக வண்டிச் சட்டமான சேஸிஸுக்குப் போகும். மருந்து: பட்டைக் கட்டைக் கழற்றி, நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டை எடுத்துப் பட்டைகளைப் பிரிக்க வேண்டும். எடுக்கும்போது பட்டைக் கட்டை பெஞ்ச் வைஸில் இறுக்கிப் பிடித்திருக்கணும், இல்லையென்றால் போல்ட் விட்டதும் பட்டை துள்ளி எழும். பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கிராஃபைட் கிரீஸ் மெலிதாகத் தடவி அடுக்க வேண்டும். நுனியில் பிளாஸ்டிக் தகடு வைத்த பட்டை என்றால் தேய்ந்த தகட்டை மாற்றினால் போதும், அங்கே கிரீஸ் அப்பினால் மணலைத்தான் சேர்த்துக்கொள்ளும். பழைய சென்டர் போல்ட்டையும், பட்டைக் கட்டைச் சக்கர அச்சான ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட்டையும் திரும்பப் போடாதீர்கள், அவை இழுபட்டுப் போனவை. யு போல்ட் நாலு நட்டையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்க வேண்டும்.

இந்த வேலையில் பெரும்பாலோர் சறுக்குவது, பட்டையின் நுனிக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷில். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே பட்டை நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கிய துணி மாதிரி ஆகி, பட்டைக்கு இன்னொரு ஸ்பிரிங்காக எதிர்த்து நிற்கும், கொஞ்ச நாளில் கிழிந்தும் போகும். ஆகவே போல்ட்டைக் கையால் மாட்டி, சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. உலோக புஷ்ஷும் கிரீஸ் ஏற்றும் நிப்பிளும் உள்ள வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. கிரீஸ் கன்னை வைத்து இரண்டு பக்கமும் பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வரும்வரை அழுத்தினால் முடிந்தது.

இவ்வளவையும் விட்டுவிட்டு நம் ஆட்கள் செய்வது நேர்மாறு. "எதுக்கும் ரெண்டு பட்டை சேத்துப் போட்டுடுங்க." 750 கிலோ ஏற்றக்கூடிய வண்டியில் ஒன்றரை டன் ஏற்றத் திட்டம். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்பக் கூடும். 8 மில்லிமீட்டரை 9 ஆக்கினாலே 42 சதவீதம் அதிகம். ஒரு மில்லிமீட்டருக்கே இந்தக் கதி, இரண்டு பட்டை கூட்டினால் காலி வண்டி ஜல்லிக்கட்டுக் காளைதான். சில வண்டிகளில் பின்பிரேக்குக்கு லோடு அறியும் வால்வு ஒன்று இருக்கும். ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்து லோடு எவ்வளவு என்று அது கணக்கிடும். பட்டை சேர்த்துப் பின்பக்கம் தூக்கிவிட்டால், முழு லோடு இருந்தும் வண்டி காலி என்று நம்பி பின்பிரேக்கைக் குறைத்துவிடும். சொகுசுக்காகப் பட்டையை உருவி எடுப்பதும் வேண்டாம். அடுத்த லோடில் பட்டை அமுங்கி, மோதலைத் தாங்க வைத்த பம்ப் ஸ்டாப் ரப்பரில் ஆக்சில் இடித்துக்கொண்டே வரும், கடைசியில் மெயின் பட்டை முறியும்.

பெரும்பாலும் காலியாகவே ஓடுகிற வண்டிக்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. 50 கிலோ மணல் மூட்டை மூன்றைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்து, நகராமல் கட்டிவிடுவது. 3 சென்டிமீட்டர் அமுங்கிய பட்டை 4.5 அமுங்கும். டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆனால் பிள்ளையார் நிமிர்ந்தே இருப்பார். சிக்கல் செக்போஸ்ட்டில்தான். நம் ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு, தார்ப்பாய்க்கு அடியில் மூன்று மூட்டை மணலோடு நின்றுகொண்டு, "இது கடத்தல் இல்ல சார், சஸ்பென்ஷன்" என்று போலீஸ்காரருக்குப் புரியவைத்துப் பாருங்கள்.