மூன்றரை அங்குல இன்ஜினுக்கு கேஸ் பர்னர்: மூன்றாவது சுற்று

நான் செய்யும் குட்டி ரயில் இன்ஜினைப் பார்த்து, நீராவி இன்ஜின் என்றால் நிலக்கரிதானே, கேஸ் எதற்கு என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை செங்கோட்டைப் பக்கம் புளியரைக்கு வந்து, புகை குறைவாக வரும் நல்ல நிலக்கரி நாலு கிலோ வாங்கித் தரட்டும். நான் தேடி ஓய்ந்துவிட்டேன். கரியடுப்புக் கரி போட்டுப் பார்த்ததில் பாய்லர் குழாயெல்லாம் சாம்பல் அடைத்ததுதான் மிச்சம்.

இன்ஜின் ஓடப்போவது மூன்றரை அங்குல, அதாவது 89 மி.மீ. தண்டவாளத்தில். மீட்டர் கேஜை அந்த அகலத்துக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 11-ல் ஒரு பங்கு. 1904-ல் திறந்து 2010 வரை இருந்த செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறெந்த இன்ஜின் செய்யத் தோன்றும்?

பர்னர் மூன்று குழாய். 16 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாயில் 3 மி.மீ.க்கு ஒன்றாக ஆக்ஸா பிளேடால் பாதி ஆழத்துக்குக் கீறல். ஒரு முனை அடைப்பு. மறுமுனையில் கேஸ் நாசில், அதை ஒட்டி நான்கு காற்றுத் துளை, துளைகளைக் கூட்டிக் குறைக்க மேலே நகரும் ஒரு வளையம். கேஸ் ஊசிபோலப் பாயும் வேகத்தில் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். பார்க்க எளிது.

நாசிலுக்குத்தான் அலைந்தேன். அதன் துளைக்கு வேண்டிய அவ்வளவு சின்ன டிரில் பிட் என் கையில் ஒடியாமல் இருந்ததில்லை. கடைசியில் கைகொடுத்தது பம்ப் ஸ்டவ் நிப்பிள். புனலூரில் ஒரு பாத்திரக் கடையில் பத்து வாங்கினேன். துளையை அளக்க கிட்டார் கம்பி: 12 நம்பர் கம்பி 0.012 அங்குலம், 0.3 மி.மீ. அது இறுக்கமாக நுழைந்தவை பத்தில் நான்குதான். சிலவற்றில் கம்பி தொளதொளவென்று ஆடியது, இரண்டில் நுழையவே இல்லை. மூன்று குழாய்க்கும் ஒரே அளவு அமையாவிட்டால் நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சள் என்று எரியும். முதல் சுற்று அப்படித்தான் வீணானது. நிப்பிள் உட்கார பித்தளை ஹோல்டர் கடைந்து தந்த லேத்துக்காரர், “இது எந்தினா சாரே, அடுப்போ?” என்றார். இன்ஜினுக்கு என்றதும் கூலியில் ஐம்பது குறைத்துக்கொண்டார்.

நமக்குக் கிடைப்பது தனி புரொப்பேன் இல்லை, புரொப்பேனும் பூட்டேனும் கலந்த எல்பிஜி. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பூட்டேன் மைனஸ் அரை டிகிரியில். அதனால் சிலிண்டரில் இருந்து புரொப்பேன்தான் முந்திக்கொண்டு வெளியேறும், அடியில் தங்குவதில் பூட்டேன் அதிகம். ஒரு பங்கு புரொப்பேன் முழுசாக எரிய 24 பங்கு காற்று போதும், பூட்டேனுக்கு 31. புது சிலிண்டரில் சரிபார்த்து வைத்த காற்று வளையம் சிலிண்டர் தீரும் நேரத்தில் மஞ்சள் நாக்கு நீட்டியதற்குக் காரணம் இதுதான். இது புரியாமல் நிப்பிளைக் குற்றம் சொல்லி இரண்டு நாள் போனது. சாரல் நாளில் இன்னொரு தொல்லை: 5 கிலோ சிலிண்டர் வியர்த்துக் குளிர்ந்து, பிரஷர் ஒரு கிலோவுக்குக் கீழே இறங்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் சரியாகிறது. வெந்நீர் கூடவே கூடாது.

இரண்டாவது சுற்றில் மேசைமேல் அருமையாக எரிந்தது. ஒரு கிலோ பிரஷரில் கீறலுக்குக் கீறல் சின்ன நீலப் பல், ஒரே சீரான ‘ஸ்ஸ்’ சத்தம். அந்தச் சந்தோஷத்தில் ஃபயர்பாக்ஸுக்குள், அதாவது பாய்லரில் தீ எரியும் அறைக்குள், தள்ளிப் பற்றவைத்தேன். பத்து வினாடி. தீ கதவு வழியாக வெளியே புரண்டு வந்தது, அப்புறம் அணைந்தது. வால்வை மூடாமல் அடுத்த குச்சியைக் கிழித்தேன். எல்பிஜி காற்றைவிடக் கனம், அதற்குள் சாம்பல் தட்டில் குளம் கட்டியிருக்கிறது. ‘டப்’. இடது புருவம் பாதி போயிற்று, வீட்டில் ஒரு வாரம் பேச்சு.

மாமா அந்தக் காலத்தில் ஸ்டீம் இன்ஜினில் ஃபயர்மேன். புருவத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “ஏ மருமவனே, ப்ளோயரத் தெறந்தியா?”

ப்ளோயர் என்பது சிம்னிக்குள் நீராவியைப் பீய்ச்சிப் புகையை இழுக்கும் குழாய். நீராவியே வராத இன்ஜினில் எங்கே ப்ளோயர் என்றேன்.

“அப்ப தீ எந்த வழியாப் போகும்? ஆரியங்காவுக் குகைக்குள்ள நுழையுமுன்னயே ப்ளோயரத் தெறந்து வச்சிருவோம். இல்லேன்னா தீ மூஞ்சிக்குத்தான் வரும்.”

மேசைமேல் நாலாபுறமும் காற்று. ஃபயர்பாக்ஸுக்குள் விரல் கனக் குழாய்கள் வழியாகச் சிம்னிக்குப் போனால்தான் புகைக்கு வழி. சிம்னியில் இழுப்பு இல்லையென்றால் எரிந்த காற்று உள்ளேயே தேங்கித் தீயை மூச்சடைக்க வைக்கும். நான் பர்னரைத் திருத்திக்கொண்டிருந்தேன், திருத்த வேண்டியது சிம்னியை.

மூன்றாவது சுற்று. பால்டின்னுக்குள் 12 வோல்ட் மோட்டார் வைத்துச் சிம்னிமேல் கவிழ்த்தேன். பிளாஸ்டிக் இறக்கை ஐந்து நிமிடத்தில் வளைந்தது, தகரத்தில் வெட்டிப் போட்டேன். இப்போது வரிசை: முதலில் ஃபேன், பிறகு தீக்குச்சி, கடைசியில் கேஸ். அணைந்தால் வால்வை மூடி, ஃபேனை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அதற்கப்புறம்தான் குச்சி. ஒன்றரை லிட்டர் தண்ணீர் 11 நிமிடத்தில் 4 கிலோ பிரஷருக்கு வந்தது. சேஃப்டி வால்வு திறந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

சக்கரத்தைத் தூக்கி வைத்து, நீராவியை இன்ஜினுக்கு விடும் ரெகுலேட்டரைத் திறந்தேன். நாலு ‘சப் சப்’புக்குள் தீ கீறலை விட்டு எழும்பிப் படபடத்து அணைந்தது. இன்ஜின் சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி சிம்னியில் இழுக்கிற இழுப்பு கரிக்குக் கணக்கிட்டது, கேஸுக்கு அவ்வளவு வேண்டாம். அந்த நீராவி சிம்னிக்குள் பாயும் ப்ளாஸ்ட் நாசிலை 3-லிருந்து 4 மி.மீ. ஆக்கினேன். இப்போது தீ நிற்கிறது, சக்கரமும் முன்னைவிட லேசாகச் சுற்றுகிறது.

பாக்கி ஒன்று: கேஸை மிகவும் குறைத்தால் வலதுபக்கக் குழாயில் மட்டும் தீ பின்வாங்கி நிப்பிள் அருகே போய் எரிகிறது. அந்தக் குழாயின் கீறல்கள் கொஞ்சம் அகலம், பிளேடு ஆடியது என் கைப்பிழை. புதுக் குழாய் அறுத்து வைத்திருக்கிறேன். கணவாய்க் காற்று கொஞ்சம் அடங்கட்டும்.