சலூன் கடை டைரி: தலையில பார்த்ததெல்லாம்

மே 8

வெயில் நாப்பதுக்கு மேல போவுது, ஸ்கூல் லீவு வேற, கடை பூரா பசங்க. சத்துவாச்சாரிலேர்ந்து ஒரு அக்கா ரெண்டாவது படிக்கிற பையனைக் கூட்டிக்கினு வந்து சம்மர் கட் அடிங்கன்னு உக்கார வெச்சாங்க. மெஷின் வைக்கிறதுக்கு முன்னாடி சீப்பால தூக்கிப் பார்த்தா, உச்சிக்குப் பக்கத்துல வட்டமா முடி இல்ல. செதிலா இருக்கு, முடி வேரோட போகாம தோல் மட்டத்துல முறிஞ்சி கறுப்புப் புள்ளியா நிக்குது, காதுக்குப் பின்னாடி நெறி கட்டியிருக்கு. பூச்சிவெட்டுன்னு நெனச்சி மெடிக்கல்ல கேட்டு ஏதோ டியூப் வாங்கித் தடவிக்கினு இருக்காங்க.

இது தலையில வர படர்தாமரை. ஃபங்கஸ் முடிக்குள்ளயே பூந்துடும், மேல தடவுறது அங்க எட்டாது, டாக்டர் குடுக்குற மாத்திரையை வாரக்கணக்குல சாப்பிடணும். அந்த டியூப்ல ஸ்டீராய்டு கலந்திருந்தா இன்னும் மோசம், அரிப்பு அடங்குன மாதிரி இருக்கும், படை பாட்டுக்குப் பரவிக்கினே இருக்கும், அப்புறம் பார்க்குற டாக்டருக்கே அடையாளம் தெரியாது. முத்திப்போச்சின்னா சீழ் கோத்து மெத்து மெத்துன்னு வீங்கும், அதை சாதா கட்டின்னு கீறி விடுற ஆளுங்களும் இருக்காங்க. முடி வெட்டல, முதல்ல தோல் டாக்டருகிட்ட காட்டுங்கக்கான்னு அனுப்பிட்டேன். வீட்ல எல்லாரும் ஒரே சீப்பு, ஒரே தலகாணியான்னு கேட்டா ஆமாங்குறாங்க, அப்ப தங்கச்சி தலையையும் பார்க்கணும். பையன் தலையில வெச்ச கடை சீப்பைத் தூக்கிப் போட்டுட்டேன்.

மே 10

இன்னிக்கு வந்தது நெஜமாவே பூச்சிவெட்டு. காலேஜ் பையன், தாடியில ஒண்ணு, பின்மண்டையில ஒண்ணு. செதிலும் இல்ல சிவப்பும் இல்ல, வழவழன்னு இருக்கு. ஓரத்துல உத்துப் பார்த்தா குட்டி முடிங்க அடியில மெலிசா, மேல தடிப்பா நிக்கும், அதான் அடையாளம். பூச்சியும் கடிக்கல, பல்லியும் கடிக்கல, நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குது, ஒட்டாது. சின்ன வட்டம்னா நெறைய பேருக்குத் தானாவே மொளைச்சிடும், முதல்ல வெள்ளையா வரும், அப்புறம் கறுக்கும். இவன் வெங்காயத்தைத் தேய்ச்சித் தேய்ச்சி தோலைப் புண்ணாக்கி வெச்சிக்கீறான். ஏன்டா இப்டின்னு திட்டி அனுப்புனேன்.

மே 27

பக்கத்து சேர்ல உக்காந்திருந்தவரு, இவருக்கு வெட்டுன கத்தரியாலயா எனக்கும்னு மூஞ்சைச் சுளிச்சாரு. எனக்கு முன்னாடி முடி வெட்டிக்கினவருக்கு இருக்குறது சோரியாசிஸ், வெள்ளி மாதிரி தடிச்ச செதில், முடி எல்லை தாண்டி நெத்திக்கும் காதுக்குப் பின்னாடியும் வந்திருக்கும், முழங்கையிலயும் இருக்கும். பொடுகுல வரது பிசுபிசுன்னு மஞ்சளா இருக்கும். ரெண்டுமே ஒட்டாதுய்யான்னு சத்தமாவே சொன்னேன். கத்தரியை எல்லாருக்கும் தான் ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கிறோம்.

ஜூன் 5

குடியாத்தத்துல கைலி நெய்யுற பெரியவரு ஒருத்தரு, பொண்ணு வீட்டுக்கு வரும்போது நம்ம கடையில தான் சவரம். சின்ன வயசுல நெல்லு அவிக்கிற அடுப்புல விழுந்து மண்டையில பெரிய தீத்தழும்பு, அந்த இடத்துல முடியே கெடையாது, எப்பவும் துண்டு போட்டு மறைச்சிக்குவாரு. இன்னிக்குத் துண்டை எடுத்தா நடுவுல புண்ணு. ஓரம் வரப்பு கட்டுன மாதிரி ஒசந்து கெட்டியா இருக்கு, பஞ்சு பட்டாலே ரத்தம் கசியுது, ஒரு மாதிரி வாடை வேற. எத்தினி நாளா நைனான்னு கேட்டா பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்துன்றாரு, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சிப் போட்டுக்கினே இருந்திருக்காரு. வலி இல்ல, அதனால கண்டுக்கல.

வலி இல்லாததுதான் எனக்கு பயம். இங்க நர்சிங் படிக்கிற தம்பி ஒருத்தன் முன்னாடி சொல்லிக்கீறான், பழைய தீத்தழும்புல இருபது முப்பது வருஷம் கழிச்சிக்கூட புண்ணு வந்து கேன்சராகும், மார்ஜோலின் அல்சர்னு பேரு, 1828ல அந்தப் பேருல இருந்த பிரெஞ்சு டாக்டரு எழுதுனதாம். வெள்ளைக்காரங்களுக்கு வழுக்கையில வெயில் பட்டுப் பட்டு தோல் கேன்சர் வரும், நம்ம கறுத்த தோலுக்கு அது கம்மி, பழைய தழும்பையும் ஆறாத புண்ணையும் தான் நாம பார்த்துக்கணும். கேன்சர்னு நான் வாயைத் தொறக்கல, பொண்ணைக் கூப்பிட்டு, மாசக்கணக்கா ஆறாத புண்ணும்மா, ஓரத்துல சதை எடுத்து டெஸ்டு பண்ணச் சொல்லுங்கன்னு மட்டும் சொன்னேன். சதை கிள்ளுனா பரவிடும்னு யாரோ சொன்னாங்களாம். அது வெறும் பேச்சு, டெஸ்டு பண்ணாதான் என்னான்னே தெரியும்.

ஜூன் 19

சத்துவாச்சாரி அக்கா ஃபோன். மாத்திரை போவுதாம், செதில் அடங்கிடுச்சாம், நிறுத்திடலாமான்னு என்னையக் கேக்குறாங்க. டாக்டர் நிறுத்துன்னு சொல்றவரைக்கும் போடுங்கக்கா.

ஜூலை 12

இன்னிக்கு வந்ததெல்லாம் தலையில கட்டி இருக்குறவங்க. ஒருத்தருக்கு மண்டையில உருண்டையா மூணு, அவங்கம்மாவுக்கும் இருந்துச்சாம். கொழுப்புக் கட்டின்னு சொல்லுவோம், உள்ள இருக்குறது கொழுப்பே இல்ல, முடி நகத்துல இருக்குற அதே கெரட்டின். விரல்ல தள்ளுனா நகரும், மெதுவா தான் வளரும், குடும்பத்துல வரும், ஆபத்து கம்மி. எடுக்கணும்னா பையோட எடுக்கணும், பிதுக்குனா திரும்ப வரும். ஆனா நகராம கல்லு மாதிரி திடீர்னு மொளைச்சி வளருதுன்னா கதை வேற, உள்ள வேற எடத்து கேன்சர் தலைத்தோலுக்கு வரதும் உண்டு. சில பேருக்குப் பொறந்ததுலேர்ந்தே முடியில்லாத மஞ்சத் திட்டு இருக்கும், வயசுக்கு வரும்போது சொரசொரன்னு தடிக்கும், அதுல மேல புதுசா கட்டியோ புண்ணோ கெளம்புனா காட்டணும். கொழந்தைக்கு நடு மண்டையிலயோ புருவ ஓரத்துலயோ கட்டி இருந்தா யாரும் பிதுக்கிப் பார்க்காதீங்க, சிலது உள்ள மூளை வரைக்கும் தொடர்பு இருக்கும், ஸ்கேன் எடுக்காம தொடவே கூடாது.

பிடரியில கொப்புளம் வந்து தழும்பா கெட்டியாவுறது இருக்கு பாருங்க, அதுக்கு ஒட்ட ஷேவ் பண்றதும் ஒரு காரணம். ஜீரோ வைங்கண்ணான்னு கெஞ்சுறான் ஒருத்தன், நான் வைக்க மாட்டேன்.

ஜூலை 25

கரிகிரி பக்கத்துலேர்ந்து வந்த ஒருத்தருக்குப் புருவத்துல முடி கொட்டி, காது மடல் தடிச்சி இருந்துச்சி. அங்க 1955லேர்ந்து தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கு, அதனால எங்க தாத்தா காலத்துலேர்ந்தே இந்த அடையாளம் எங்களுக்குத் தெரியும். அந்தக் கிருமிக்கு சூடு ஆகாது, அதனால மண்டைத்தோல்ல அபூர்வம், காது, மூக்கு, புருவம்னு குளிர்ந்த எடத்துக்குப் போவும். உணர்ச்சி இல்லாத வெளுத்த தேமல் எங்கயாவது இருக்காண்ணான்னு காதுல மெதுவா கேட்டேன். முதுகுல இருக்காம். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மாத்திரை ஃப்ரீ, ஆறு மாசமோ ஒரு வருஷமோ தான், நல்லாவே ஆயிடும்னு சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி இதைப் பேசக் கூடாது.

ஆகஸ்ட் 14

குடியாத்தம் பெரியவரோட பொண்ணு வந்துச்சி. டெஸ்டுல கேன்சர்னே வந்துடுச்சாம், ஸ்குவாமஸ் செல்னு மேல்தோல்ல கெளம்புற வகை. எலும்புக்கு இறங்கல, கழுத்து நெறியிலயும் இல்ல, அகலமா வெட்டி எடுத்துட்டு தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்காங்க. அப்பப்ப கழுத்தைத் தடவிப் பார்க்க வரச் சொல்லிக்கீறாங்க. அவரு கேக்குறது தாடி சவரம். செவ்வாய் கடை லீவு, அன்னிக்குப் போய் செஞ்சிட்டு வரணும், தலைப் பக்கம் கத்தி போகக் கூடாது.